புரைக்கேறினால் தண்ணீர் கொடுக்கலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மனைவிக்கு 41 வயது. ஆறு வருடமாக மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். கொஞ்ச நாளாகத் தேத்தண்ணி குடித்தாலே புரைக்கேறுகிறது, சோறு பரவாயில்லை. என் அம்மா உச்சியில் தட்டி, ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று தண்ணீர் கொடுப்பார். இருமல் இன்னும் கூடுகிறது. பயத்தில் மனைவி தண்ணீரையே குறைத்துவிட்டாள். கோர்ன்ஃப்ளவர் போட்டுத் தடிப்பாக்கிக் கொடுக்கலாமா?”

முதலில் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இருமிக்கொண்டிருப்பவருக்குத் தண்ணீர் வேண்டாம். அவர் அன்பில்தான் செய்கிறார். ஆனால் உங்கள் மனைவிக்கு விழுங்கக் கடினமான பொருளே தண்ணீர்தான்.

நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் மூடித் திறக்கும். அந்தக் கட்டளை மூளைத்தண்டிலிருந்து நரம்பு வழியே வருகிறது. இந்த நோயில் நரம்பின் மேலுறை பழுதாவதால் கட்டளை பிந்துகிறது. தண்ணீரும் பிளேன்டீயும் காத்திருக்காது, வாசல் மூடுவதற்குள் உள்ளே ஓடிவிடும். மென்ற சோறு மெதுவாக நகர்வதால் தப்பிக்கிறது. சோறு இறங்குகிறது, தேத்தண்ணி இறங்கவில்லை என்று நீங்கள் கவனித்தது சரியான கவனிப்பு.

தண்ணீரைக் குறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். உடலில் நீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று வரும். தொற்றோடு காய்ச்சல் வந்தால் நோயின் எல்லா அறிகுறியும் ஒருமுறை தூக்கிக் காட்டும், விழுங்கலும் சேர்த்து. குடிக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை இன்றே நிறுத்துங்கள். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய்ப் பாதை திறந்துவிடும். வாய் அகன்ற கோப்பையில், தலையை நேராக வைத்து, ஒரு சிறு மிடறு. அது இறங்கிய பிறகே அடுத்தது. நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. சிகிச்சையாளர் பார்த்துச் சொன்ன பிறகு செய்யுங்கள்.

பாயில் சாய்ந்திருந்து சாப்பிட வேண்டாம். கதிரையில் நிமிர்ந்து, பாதம் நிலத்தில் பட இருக்கட்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே. வாயில் உணவிருக்கும்போது யாரும் கதை கொடுக்கக் கூடாது, வீடு நிறைய ஆட்கள் இருக்கும் நாட்களில் இது கஷ்டம்தான்.

சூட்டையும் மறக்காதீர்கள். உடம்பு சூடேறினால் பழுதான நரம்பில் கட்டளை இன்னும் தடுமாறும். வெக்கையான கச்சான் காற்று வீசும் நாட்களில் பகல் ஒரு மணிச் சாப்பாடு அவருக்குப் பெரிய வேலை. பெரிய சாப்பாட்டைக் காலைக் குளிர்ச்சிக்கு மாற்றி, பகலில் சிறிது ஓய்வுக்குப் பின் கொஞ்சமாகக் கொடுங்கள்.

உணவில் பிட்டைக் கவனியுங்கள். உதிரியாகத் தொண்டையில் சிதறும். சொதி ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்போம், ஆனால் சொதி முன்னால் ஓடும், உதிரி பின்னால் நிற்கும். திரவமும் திடமும் கலந்த உணவும் மிகச் சிக்கலானதுதான். குழையப் பிசைந்த தயிர்ச் சோறு, எருமைத் தயிரில் மசித்த வாழைப்பழம் போல ஒரே பதத்தில் இருப்பவை நல்லவை.

இனி கோர்ன்ஃப்ளவர். எச்சில் மாச்சத்தைக் கரைக்கும். வாயில் பட்ட கரண்டியைத் திரும்பக் கோப்பைக்குள் வைத்தாலே தடிப்பு இளகத் தொடங்கும். சாந்தன் கம் (xanthan gum) என்ற பிசின் சேர்ந்த தடிப்பாக்கும் மா அப்படி இளகாது. எதுவானாலும், எவ்வளவு தடிப்பு வேண்டும் என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். அளவுக்கு மீறித் தடித்தால் தொண்டையில் ஒட்டி நிற்கும், குடிக்கவும் மனம் வராது.

அதனால் அடுத்த முறை கிளினிக் போகும்போது, மட்டக்களப்போ கல்முனையோ, பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி கேளுங்கள். பெயரைப் பார்த்துக் கதைப்பதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், விழுங்கலும் அவர்கள் துறைதான். மாத்திரைகளையும் காட்டுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைத் தூளாக்கிக் கொடுப்பது ஆபத்து.

அதுவரை இரவில் பல் துலக்க வையுங்கள். வாயிலுள்ள கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நியூமோனியா வரலாம். குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, மெலிகிறாரா, சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கும், இந்த அடையாளங்கள்தான் காட்டிக்கொடுக்கும். விழுங்கல் ஓரிரு நாளில் திடீரென மோசமானால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போங்கள், அது நோய் புதிதாகத் தாக்குவதாக இருக்கலாம்.

அப்புறம் அம்மாவுக்கு ஒரு வேலை. மருமகள் இருமும்போது முன்பக்கம் குனிய வைத்து, இருமவிட்டுப் பக்கத்தில் நிற்கட்டும். இருமவும் முடியாமல், குரலும் வராமல் போனால் குனிய வைத்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். அடைப்பு போகாவிட்டால் நீங்கள் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கை கோத்து 5 முறை உள்ளும் மேலுமாக அமுக்க வேண்டும். அடைப்பு போகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், அதற்குள் இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கட்டும்.