டீசல் பள்ளிப் பேருந்துகளை மாற்ற அரசு பணம் கொடுப்பது வீண் செலவா?

தனியார் பள்ளிகள்தான் ஃபீஸ் வாங்கிக் குவிக்கின்றனவே, அவர்கள் எலக்ட்ரிக் பஸ் வாங்க நம் வரிப்பணம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் அனுப்பிவிட்டு, வருஷா வருஷம் வேன் ஃபீஸ் ஏறுவதைப் பார்த்து வெறுத்துப் போனவர் என்று நினைக்கிறேன். உங்கள் கோபம் நியாயம்தான்.

ஆனால் வீண் செலவு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை வேண்டும். பணம் வாங்குகிற பள்ளி, பழைய பஸ்ஸை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டாக வேண்டும். விற்கக் கூடாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அப்படி ஒரு பஸ்ஸை விற்றுக் கொடுத்தவன்.

கடலூர் பக்கம் ஒரு பள்ளியில் 11 வருஷம் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜாக இருந்தேன். பேர் வேண்டாம். மொத்தம் 9 வண்டி. அதில் 2008 மாடல் ஒன்று நெல்லிக்குப்பம் ரூட்டில் ஓடியது. அதற்கு பிரேக்குக்கு வேண்டிய ஏர் நிற்காது. வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கிவிடும். ஏர் ஏறாமல் பிரேக் பிடிக்காது என்பதால், சாயங்காலம் பெல் அடிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னாடியே டிரைவர் ஸ்டார்ட் பண்ணி வைத்துவிடுவார். பின்னாடி வரிசையில் நிற்கிற வண்டிகளின் புகையும் சேர்ந்து, முதலில் ஏறி உட்கார்ந்த எல்.கே.ஜி. பிள்ளைகள் மேல்தான் வந்து படியும். அந்த வண்டி ஆயாம்மா தினமும் பின் ஜன்னல் கட்டையை ஈரத் துணியால் துடைப்பார். துணியில் விளக்குக் கரி மாதிரி வழவழவென்று ஒட்டியிருக்கும். ஒருநாள் அதை என் மேசையில் கொண்டுவந்து விரித்து, "இதத்தான் சார் புள்ளைங்க இழுக்குதுங்க" என்றார். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைச் சர்வீஸ் பண்ண எழுதிக் கொடுத்தேன். அதைத் தாண்டி என் கையில் எதுவும் இல்லை.

ஒவ்வொரு மே மாசமும் ஆர்.டி.ஓ. ஆய்வு உண்டு. 2012இல் தாம்பரம் பக்கம் பஸ் ஓட்டை வழியாக ஒரு குழந்தை விழுந்து இறந்த பிறகு வந்த விதிகள் கடுமையானவை. தரைப் பலகை, அவசரக் கதவு, ஸ்பீடு கவர்னர் எல்லாம் பார்ப்பார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. புகை அளவுக்கும் தனியாகச் சான்றிதழ் உண்டு. ஆய்வுக்கு முன்னாடி பம்ப், நாசிலைக் கழற்றிச் சரிபண்ணிப் புகையைக் குறைப்போம். ஆகஸ்ட் வந்தால் பழையபடி கருப்பாகக் கக்கும். அதே 2012இல்தான் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. அந்த அறிவிப்பு எங்கள் வண்டி ஷெட்டுக்கு வந்து சேரவே இல்லை.

கொரோனாவில் வண்டிகள் நின்றே கிடந்தன. 2021 கடைசியில் சின்ன வகுப்புகள் திறந்தபோது அந்த வண்டியை எடுத்துவிடலாம் என்று கரஸ்பாண்டென்ட் முடிவு பண்ணினார். இரும்புக்குப் போட்டால் கிடைப்பதைவிட ஒன்றரை லட்சம் கூடத் தருகிறேன் என்று புரோக்கர் வந்தார். கம்பெனிக்கு ஆள் ஏற்ற என்றார். நான்தான் பேசி முடித்தேன். பள்ளிக்கு லாபம் பண்ணிக் கொடுத்தோம் என்று அன்றைக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

2023 ஜூன். பலாப்பழம் வாங்கப் பண்ருட்டி போயிருந்தேன். எதிரே ஒரு மஞ்சள் பஸ், வேறு பள்ளிப் பேரோடு. இடப்பக்கம் மூன்றாவது ஜன்னல் கம்பி வளைந்திருந்தது. அது எங்கள் வண்டி ஷெட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது வளைந்தது. பைக்கைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே போனேன். அடுத்த ஸ்டாப்பில் நின்றது. டிரைவரிடம், "அண்ணே, இது எங்க ஸ்கூல் வண்டி" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா சார்? ஏர் எங்க லீக் ஆவுதுன்னு தெரியுமா? நானும் பாத்து பாத்து அலுத்துட்டேன்" என்றார். தெரியும். டேங்க்குக்குப் பின்னாடி இருக்கிற வால்வு. சொன்னேன். உள்ளே பானட்டை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பையன், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டே என்னைப் பார்த்தான். பலாப்பழம் வாங்காமலே திரும்பி வந்தேன்.

அதனால்தான் அந்த நிபந்தனை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே ஐந்து வருஷத்துக்கு 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பாதி முழுக்க மின்சாரப் பேருந்துகளுக்கு, மீதியில் கேஸ் வண்டிகளும் சேரும். 2010 மாடலோ அதற்கு முந்தையதோ ஆன டீசல் பஸ்ஸைக் கொடுத்துப் புதுசு வாங்கினால், பழையதை உடைத்தே ஆக வேண்டும். இங்கே மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 14,028 மின்சாரப் பேருந்துகளுக்கு 4,391 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அது பெரிய நகரங்களின் அரசுப் போக்குவரத்துக்கு. கடலூரில் இருக்கிற ஒரு பள்ளி அந்தக் கதவைத் தட்டவே முடியாது. அரசு வண்டி என்றால் 15 வருஷத்தோடு கதை முடிந்தது, 2023 ஏப்ரலிலிருந்து விதி. தனியார் வண்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைக்கிறவரை ஓடும்.

"நெய்வேலியில் நிலக்கரி எரித்துத்தானே கரண்ட்?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஆமாம். நெய்வேலி சுத்தம் என்று நான் சொல்லவில்லை, அங்கே இருக்கிற ஜனங்கள் படுகிற பாடு எனக்கும் தெரியும். ஆனால் பஸ் சைலன்சர் பிள்ளையின் மூக்கிலிருந்து சில அடி தூரத்தில் இருக்கிறது. "தானே புயல் மாதிரி அடித்தால் சார்ஜ் எங்கே போடுவாய்?" 2011 டிசம்பரில் தானே அடித்தபோது எங்கள் ஊரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, சரி. பள்ளியும்தான் இல்லை. "கடலூர் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மேல் ரயில் மோதிப் பிள்ளைகள் போனார்களே, முதலில் அதைப் பாருங்கள்" என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அந்த 2025 ஜூலை மாசம் நானும் தூங்கவில்லை. ரெண்டையும் பார்க்கத்தான் வேண்டும். அப்புறம், நான் எந்த பேட்டரி கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை.

பள்ளி பஸ் மாதிரி மின்சாரத்துக்குத் தோதான வண்டி வேறு கிடையாது. காலையில் ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப். எங்கள் நீளமான ரூட்டே ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டருக்குள்தான். ஒன்பதரையிலிருந்து மூன்று மணிவரை ஒரே இடத்தில் நிற்கும், ராத்திரி முழுக்க நிற்கும். இடிப்பது விலை ஒன்றுதான். அமெரிக்காவிலேயே டீசல் பஸ்ஸைப் போல மூன்று மடங்கு வரை வருகிறது. சின்னப் பள்ளி தன் காசில் வாங்கவே வாங்காது. வாங்கினால் அது உங்கள் வேன் ஃபீஸில் வந்து விடியும்.

டிரைவர்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். பல பள்ளிகளில் மே மாசம் டிரைவருக்குச் சம்பளம் கிடையாது. வண்டி ஓடவில்லையாம். அதே மே மாசத்தில்தான் ஆய்வுக்காக வண்டிக்குப் பெயின்ட் அடிப்பதும், கீழே படுத்து கிரீஸ் வைப்பதும், ஆர்.டி.ஓ. மைதானத்தில் வெயிலில் நாள் முழுக்க நிற்பதும் அவர்கள்தான். இதைக் கேட்டதற்காகவே என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்ட நிர்வாகத்தில் வேலை பார்த்தேன். பல லட்சம் மானியத்தில் பஸ் வந்தாலும் அதை ஓட்டுபவனுக்குப் பன்னிரண்டு மாசச் சம்பளம் என்று அதே உத்தரவில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் ஃபீஸோடு சேர்த்து இன்னும் ரெண்டு கேளுங்கள். என் பிள்ளை போகிற பஸ் எந்த வருஷ மாடல்? இதற்கு முன்னாடி இருந்த பஸ் எங்கே போனது? அந்த 11 வருஷத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. ஒரே ஒருவர் கேட்டிருந்தாலும், புரோக்கர் வந்த அன்றைக்குக் கரஸ்பாண்டென்ட்டிடம் பேச எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.