பையில் வளர்ந்த எல்ம் கன்று ஏன் வாடுகிறது?

கேள்வி: திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஆறு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். கொட்டிலுக்கு நிழல் வேண்டும். கனடாவில் இருக்கும் மருமகன், எல்ம் என்றொரு மரம் எதையும் தாங்கும், குடை மாதிரி விரியும் என்றார். சித்திரையில் ஆறடிக் கன்று ஒன்று வாங்கி நட்டேன். முதலில் நன்றாகத்தான் நின்றது. கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் இலை ஓரம் கருகி, இப்போது ஆவணியில் பாதி இலை கொட்டிவிட்டது. விற்றவர் சொன்னபடி யூரியா போட்டேன், ஒரு போத்தல் வேர் டொனிக்கும் ஊற்றினேன். பலனில்லை. வேறு என்ன உரம் போடலாம்? இரண்டு இலை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஐயா, எந்த உரமும் வேண்டாம். யூரியாவை உடனே நிறுத்துங்கள். வேர் தண்ணீர் எடுக்க முடியாமல் தவிக்கும்போது உப்பு உரம் போட்டால் இருக்கிற ஈரத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

இலைகளைப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லை. ஓரம் வாள்பல் மாதிரி. காம்பில் சேரும் இடத்தில் ஒரு பக்கம் மற்றதைவிடக் கீழே இறங்கியிருக்கிறது. எல்ம் இனத்துக்கு அந்தக் கோணல் அடிதான் அடையாளம். சின்ன இலையாக இருப்பதால் இது சீன எல்ம், தொட்டியில் குட்டை மரமாக வளர்க்கிறார்களே, அதே இனம். விற்றவர் பெயரில் பொய் சொல்லவில்லை. ஆனால் "எதையும் தாங்கும்" என்று மருமகன் சொல்கிறாரே, அங்கே அந்தப் பேச்சு பெரும்பாலும் பனியைப் பற்றியது. எல்மில் இன்னோர் இனமான சைபீரிய எல்ம் உறைபனிக்கும் கீழே 40 பாகை வரை தாங்கும். நமக்கு அதனால் என்ன? வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சானை அல்லவா நம் மரம் தாங்க வேண்டும்! அங்கேயும் அது சாகாவரம் பெற்றதல்ல. பட்டை வண்டு பரப்பும் பூஞ்சை நோய் ஒன்று 1960களின் இறுதியிலிருந்து பிரித்தானியாவில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களைக் கொன்றது.

சரி, உங்கள் கன்று வாடுவதற்கு இனம் பெரிய காரணமில்லை. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, "ஆறடி மரம் ஒன்றரை அடிப் பைக்குள் எப்படி நின்றது?" என்றுதான்.

ஒருமுறை அப்படி வந்த கன்றொன்றைப் பையைக் கிழித்து, வாளித் தண்ணீரில் வைத்து மெதுவாக மண்ணைக் கழுவிப் பார்த்தேன். மண் கரையக் கரைய, பென்சில் தடிப்பில் ஒரு வேர், பையின் உருவத்திலேயே மூன்று சுற்று சுற்றிக் கிடந்தது. சுருட்டி வைத்த கயிறு மாதிரி. கையால் விரித்தேன், விட்டதும் திரும்பச் சுருண்டது. அதை நிலத்தில் வைத்தாலும் அந்த வட்டத்துக்குள்ளேயேதான் தடிக்கும். சில வருடத்தில் தன் அடியைத் தானே நெரிக்கும். பள்ளிக்கூட வளவொன்றில் நாங்கள் நட்ட நிழல் மரங்களில், 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயலில் அடியோடு சாய்ந்தவை அத்தனையும் இப்படிப் பெரிய பையில் வந்தவை. நட்டு ஐந்து வருடம் கழித்தும் வேர்ப்பந்து பையளவுதான் இருந்தது. பக்கத்தில் சாணளவுக் கன்றாக வைத்த வேம்பு அசையவில்லை.

கன்று விற்பவர்கள் அடிக்கணக்கில் விலை வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. உயரத்துக்குக் காசு வாங்குகிறார்கள், வேரை யாருக்கும் காட்டுவதில்லை. நிழல் வலைக்குள் தினம் தண்ணீர் தெளித்து வளர்த்த இலை, கச்சான் வெளியில் ஒரு மாதம் நிற்காது. பிறகு டொனிக் போத்தல். அந்தப் போத்தல் இரண்டாவது வியாபாரம், ஐயா. வாங்கும்போது பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள்.

இப்போது இந்தக் கன்றைக் காப்பாற்றப் பார்ப்போம். தென்மேற்குப் பக்கம் இரண்டு கிடுகு கட்டுங்கள். தினம் ஒரு செம்பு ஊற்றாமல், மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு வாளி ஆறுதலாக ஊற்றுங்கள். உங்கள் மணல் நிலத்தில் மேலோட்டமாக ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும். வைக்கோலை நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டைத் தொடாமல் விலக்கிவிடுங்கள். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்த பிறகு தோண்டி எடுத்து, வேரைக் கழுவி, சுற்றியதைக் கூர்மையான கத்தியால் வெட்டி, உடனே திரும்ப நடுங்கள். சீன எல்ம் வேர் வெட்டைத் தாங்கும், குட்டை மரக்காரர்கள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். மருமகனிடம் விதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் கொண்டுவர முடியாது.

அப்புறம், எல்ம் குடும்பத்திலேயே நம் ஊருக்குரிய மரம் ஒன்று இருக்கிறது, ஆயில். தமிழ்நாட்டில் ஆயா என்பார்கள், சிங்களத்தில் கொடகிரில்ல. இலையைக் கசக்கினால் நாற்றம் அடிக்கும். காய் வட்டமாக, கடதாசி மாதிரி மெல்லிசாக இருக்கும். வெயிலுக்கு நேரே பிடித்தால் நடுவில் விதை கருமையாகத் தெரியும். பங்குனி, சித்திரையில் காற்றில் பறப்பதைப் பொறுக்கி, வைத்திராமல் அந்த வாரமே விதையுங்கள், அதன் உயிர் சீக்கிரம் போய்விடும். ஐப்பசி மழைக்கு அரையடி, ஓரடிக் கன்று கையில் இருக்கும். அதுதான் நட வேண்டிய அளவு. ஆறடிக்குக் கொடுத்த காசில் இப்படி வளவு முழுக்க வைக்கலாம்.

கொட்டிலுக்கு மேற்கே இருபது அடி தள்ளி வையுங்கள், பின்னேர வெயிலை மறைக்கும். சித்திரைப் பிறப்பை ஒட்டி நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் மரத்தின் அடியிலேயே கிடக்கும். மாடு அங்கே போய்ப் படுக்க இடம் விடுங்கள். ஆனால் தண்டு உங்கள் தொடையளவு தடிக்கும் வரை சுற்றி முள் அடையுங்கள், ஒரு மாட்டையும் அதில் கட்டாதீர்கள். கயிறு உராய்ந்து பட்டை போனால் மரம் போனதுதான்.

ஐப்பசியில் எல்மின் வேரைக் கழுவிய உடனே படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வேரை வெட்டுவது, எதை விடுவது என்று பார்த்துச் சொல்கிறேன். என் பதில் வரும்வரை வேரை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்திருங்கள்.