கஹோமா கவுண்டியில் பொழுது எப்படிப் போகும்?

கணவருக்கு மிசிசிப்பி மாநிலத்தின் கஹோமா கவுண்டியிலுள்ள கிளார்க்ஸ்டேலில் மருத்துவமனை வேலை உறுதியாகிவிட்டது, விசா விதிப்படி மூன்று வருஷம் இருந்தே ஆக வேண்டும், வரைபடத்தில் பார்த்தால் சுற்றிலும் வயல்தான் தெரிகிறது, எட்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு சனி ஞாயிறு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கச்சி, நானும் மதுரையிலிருந்து இதே மாதிரிதான் வந்தேன். மூன்று வருஷக் கெடு முடிந்தும் நாங்கள் கிளம்பவில்லை. இந்த ஊர் பிடித்துப்போன ஒருத்தி சொல்வது என்று நினைத்துக்கொண்டே படியுங்கள்.

இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய மால் கிடையாது, தமிழ்ச் சங்கம் கிடையாது, கோயில் கிடையாது. 61ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் மெம்ஃபிஸ். அதற்குக் கிழக்கே ஈட்ஸ் என்ற இடத்தில் இந்தியக் கலாச்சார மையமும் கோயிலும் இருக்கின்றன. பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் அந்தப் பக்கத்துக் கடைகளில் வாங்கி வந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மெம்ஃபிஸுக்கு ஓடாதீர்கள். புதிதாக வருகிற நம்மவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், கடைசிவரை இந்த ஊரில் ஒருத்தரையும் தெரியாமலே போய்விடுகிறார்கள்.

இன்னொன்று, கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வாருங்கள். இங்கே பஸ்ஸை நம்பி ஒன்றும் நடக்காது. கணவரின் ட்யூட்டி நேரத்தை எதிர்பார்த்து வீட்டில் உட்கார்ந்தால் நான் கீழே சொல்லப்போகும் எதற்கும் நீங்கள் போக முடியாது.

இங்கே இருப்பது பாட்டு. டெல்டா என்று இங்கே சொல்கிற இந்த ஆற்றோரச் சமவெளியின் பருத்திக்காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள் உருவாக்கிய ப்ளூஸ் இசை. ஊருக்கு வெளியே ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் மடி வாட்டர்ஸ். 1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் தேடி வந்து அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். 1943இல் அவர் சிகாகோவுக்குப் போனார், அப்புறம் உலகமே அறிந்த ப்ளூஸ் பாடகர் ஆனார். அவர் குடியிருந்த மரக் குடிசையில் மிஞ்சியதை டெல்டா ப்ளூஸ் மியூசியத்துக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1979இல் ஊர் நூலகத்தின் முயற்சியாகத் தொடங்கிய மியூசியம் இது. இப்போது இருப்பது 1918இல் கட்டிய பழைய ரயில்வே சரக்குக் கிடங்கில்.

அந்த மியூசியத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு கிட்டார், டிரம்ஸ், பாட்டு என்று அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் மேடையில் வாசிக்கிற கலைஞர்கள். இந்த ஊரில் 1999இல் பிறந்த கிங்ஃபிஷ் இங்ரம் அந்த வகுப்பில் கற்றவர்தான், 2022இல் கிராமி இசை விருது வாங்கினார். பையனுக்கு இடம் உண்டா என்று வந்ததும் போய் விசாரியுங்கள். அவன் கிராமி வாங்க வேண்டாம். அங்கே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தால் போதும், அந்தப் பிள்ளைகளின் அம்மா, பாட்டி எல்லோரும் உங்களுக்கும் பழக்கமாகிவிடுவார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊரில் குழந்தை உள்ள குடும்பத்துக்கு இதைவிட நல்ல வாசல் வேறில்லை.

61ஆம் சாலையும் 49ஆம் சாலையும் சந்திக்கும் இடத்தில் பெரிய கிட்டார்களை ஒரு கம்பத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர் சாத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கியதாக ஒரு கதை உண்டு, அந்தக் கதைக்காக வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுக்க நிற்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் அவ்வளவு மரியாதை இல்லை. ஒரு மனிதனின் உழைப்பைச் சாத்தான் கணக்கில் எழுதுவது எதற்கு? பக்கத்திலேயே ஏப்ஸ் பார்பெக்யூ. 1924இல் லெபனானிலிருந்து வந்த ஒருவர் ஆரம்பித்த கடை. சைவம் என்றால் அங்கே உங்களுக்கு அதிகம் கிடைக்காது. சோளமாவுக்குள் பூரணம் வைத்து வேகவைக்கிற, டெல்டாவின் பெயர்போன ஹாட் டமாலேயிலும் உள்ளே பெரும்பாலும் இறைச்சிதான், கேட்டு வாங்குங்கள்.

ஜூக் ஜாயிண்ட் என்னும் பாட்டுக்கடைகளுக்குக் குழந்தையோடு ராத்திரியில் போக முடியாது, குடி உண்டு, வயது கேட்பார்கள். அதற்கு ஈடாகத்தான் விழாக்கள். ஏப்ரலில் ஜூக் ஜாயிண்ட் விழா, பகல் முழுக்கத் தெருவில் மேடைகள், காசு கிடையாது. பன்றிப் பந்தயம்கூட உண்டு, உங்கள் பையன் நகரவே மாட்டான். ஆகஸ்டில் சன்ஃப்ளவர் ரிவர் ப்ளூஸ் விழா, அந்த வெயில் நம் சித்திரை வெயிலுக்குக் குறைந்ததில்லை, தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள். அக்டோபரில் பாலம் தாண்டி ஆர்கன்சாவின் ஹெலினாவில் கிங் பிஸ்கட் ப்ளூஸ் விழா.

அதே அக்டோபரில் நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் பெயரிலான விழாவும் வரும். அவருடைய தாத்தா இங்கே செயின்ட் ஜார்ஜ் எபிஸ்கோபல் தேவாலயத்தில் குருவாக இருந்தார், சிறுவயதில் வில்லியம்ஸ் வளர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. பழைய வீடுகளின் வராந்தாவில் அவர் நாடகக் காட்சிகளை நடிப்பார்கள், நாம் எதிரே புல்வெளியில் உட்கார்ந்து பார்ப்போம், நம் ஊரில் கோயில் வாசலில் கூத்துப் பார்ப்பது போல. நீங்கள் இலக்கியம் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். இதைத் தவறவிடாதீர்கள்.

ஆற்றை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மிசிசிப்பி ஆறு ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, பெரிய மண்கரைக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. ஃபிரையர்ஸ் பாயிண்டுக்குப் போனால் கரை மேல் ஏறிப் பார்க்கலாம். மீன் பிடிக்க மூன் லேக், அது ஆறு பழைய தடத்தை விட்டு விலகியபோது உருவான ஏரி. குவாபா கனூ கம்பெனிக்காரர்கள் கையால் செய்த மரப்படகில் ஆற்றுக்குள்ளே கூட்டிப் போவார்கள். உங்கள் இஷ்டத்துக்கு நீங்களே இறங்காதீர்கள், அந்த நீரோட்டம் பொல்லாதது.

கேளிக்கை என்று மட்டும் கேட்டீர்கள், ஆனால் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஊருக்குத் தெற்கே ஹாப்சன் பண்ணை இருக்கிறது, இப்போது சுற்றுலாக்காரர்கள் பழைய கூலிக் குடிசைகளில் தங்குகிறார்கள். 1944இல் அங்கேதான் விதைப்பு முதல் பறிப்பு வரை முழுக்க இயந்திரத்தாலேயே ஒரு பருத்தி வெள்ளாமையை எடுத்துக் காட்டினார்கள். ஏற்கெனவே வடக்கு நகரங்களுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் அதன்பின் இன்னும் அதிகமாகப் போனார்கள். பாட்டும் அவர்களோடு சிகாகோ போனது. தென்கிழக்கே சம்னர் நீதிமன்றம். 1955இல் எமெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்த இடம் அது, 2023இல் தேசிய நினைவுச்சின்னத்தின் பகுதியாக ஆக்கினார்கள். முதலில் நீங்கள் இருவர் மட்டும் போய்வாருங்கள், பையன் கொஞ்சம் வளரட்டும். சாதி பார்த்துத் தெருப் பிரித்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு அங்கே விளக்கம் அதிகம் தேவைப்படாது.

வெள்ளிக்கிழமை இரவு உயர்நிலைப் பள்ளி அமெரிக்க ஃபுட்பால், விதி புரியாவிட்டாலும் போங்கள். சர்ச்சுக்குக் கூப்பிடுவார்கள். அது மரியாதைக்காகவும் அன்புக்காகவும் கேட்பது, மதம் மாற்றத்தான் கேட்கிறார்கள் என்று பதற வேண்டாம். காஸ்பல் என்னும் அந்தக் கிறிஸ்தவப் பக்திப் பாட்டைக் கச்சேரி கேட்பது போலக் கேட்பதற்காகவே போகலாம். விருப்பமில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டால் போதும்.

எப்போது கிளம்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வீடு கிடைக்கும்வரை ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்றால் ஏப்ரல் விழா வாரத்தைத் தவிர்த்து டிக்கெட் போடுங்கள், அந்த வாரம் ஊரில் அறை கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.