நாசிக் போனால் எங்கே சாப்பிடுவது?

கேள்வி: பிப்ரவரியில் மாமனார், மாமியாரோடு நாசிக் போய் த்ரியம்பகேஸ்வரரைத் தரிசிக்கப் போகிறோம். கணவருக்குத் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் பார்க்க ஆசை. எல்லோரும் சைவம். மாமியார் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. எங்கே சாப்பிடலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நல்ல மாதமாகப் பார்த்துத்தான் கிளம்புகிறீர்கள் அம்மா. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே அறுவடை. ஏப்ரலில் கவாத்து பண்ணிவிட்டால் வெறும் குச்சிதான் நிற்கும்.

என் கணவருக்கு ஓஜர் விமானத் தொழிற்சாலையில் வேலை. நாலு வருஷம் நாசிக்கில் குடித்தனம் பண்ணினேன். அந்த உரிமையில் சொல்கிறேன், காலை டிபனை மட்டும் தங்குகிற ஹோட்டலில் முடித்துவிடாதீர்கள். நாசிக்கில் காலை என்றால் மிசல் என்கிற முளைப்பயறு டிபன்தான். கங்காபூர் - சாத்பூர் இணைப்புச் சாலையில் 'சாதனா' என்று ஒரு கடை, விறகடுப்பில் செய்கிறார்கள். திராட்சைத் தோட்டங்களும் அந்தப் பக்கம்தான் என்பதால் அலைச்சல் இல்லை.

மட்கி என்று அவர்கள் சொல்கிற பழுப்பு நிறச் சின்னப் பயறை முளைகட்டி வேகவைத்து, மேலே காராசேவு, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி தூவித் தட்டில் வைப்பார்கள். பக்கத்தில் பாவ் என்கிற பன், எலுமிச்சைத் துண்டு, அப்பளம், தயிர். ரஸ்ஸா என்கிற குழம்பு தனிக் கிண்ணத்தில் வரும். வெங்காயத்தையும் கொப்பரையையும் கருக வறுத்து அரைத்த கறுப்பு மசாலா வாசனை, கிண்ணம் மேஜைக்கு வருமுன்னே வந்துவிடும். மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெய்தான் காரம். அதை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சாப்பிடுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் சேவு நமுத்துப்போகும். பக்கத்து வீட்டு ஆஜி, அதாவது பாட்டி, எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. ரஸ்ஸா தீர்ந்தால் கேளுங்கள், மறுபடி ஊற்றுவார்கள்.

மாமியாருக்கு மிசல் ஆகாது. அவருக்கு ஜவ்வரிசி கிச்சடி வாங்கிக் கொடுங்கள். விரத நாளில் சாப்பிடுகிற பண்டம். வேர்க்கடலை, பச்சை மிளகாய், சீரகம், உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். டிபன் கடைகளில் 'சாபுதானா கிச்சடி' என்று கேட்டால் போதும். வேறு எது வாங்கினாலும் "காந்தா, லசூண் நக்கோ" என்று சொல்லிவிடுங்கள். வெங்காயம், பூண்டு வேண்டாம் என்று அர்த்தம். த்ரியம்பகம், நாசிக்கிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். தரிசனத்துக்கு நேரமாகலாம், அவருக்கு ஏதாவது கையில் கட்டிக்கொண்டு போங்கள்.

ஒயின் ஆலைக்கு மாலையில் போங்கள். 1999-ல் தொடங்கிய சுலாவில் ஆலையைச் சுற்றிக் காட்டுகிறார்கள், சாப்பிடவும் இடம் உண்டு. ஒயின் தொடாதவர்களும் தாராளமாகப் போகலாம். என் அம்மாவை அழைத்துப் போனபோது, கொடி வரிசைகளுக்கு அப்பால் கங்காபூர் அணைத் தண்ணீரில் வெயில் இறங்குவதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சனி, ஞாயிறு வேண்டாம்; மும்பைக் கூட்டம் மொத்தமும் அங்கே இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் ருசி பார்ப்பதாக இருந்தால் அன்றைக்கு வண்டிக்கு டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ராத்திரிக்குப் பிட்லா - பாக்ரி சாப்பிடுங்கள். கடலைமாவுக் குழம்பும் சோள ரொட்டியும்தான். மாமனாருக்குப் பல் சிரமம் இருந்தால், பாக்ரியைச் சூடு ஆறுமுன் பிட்டுக் குழம்பில் ஊறவைத்துக் கொடுங்கள்.