பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஹெட்லைட் ரிலே: கேள்வி பதில்

பாண்டி, கடலூர் பக்கம் பழைய எம்ஜி, டிரையம்ஃப், ஹெரால்டு வைத்திருப்பவர்கள் ஹெட்லைட் ரிலே (சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தை நாலைந்து பேர் கேட்டிருந்ததால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் ஒயர் வேலைக்காரன். பெயின்ட், குரோம் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணா, என்னிடம் 1969 எம்ஜிபி இருக்கிறது. ராத்திரி ஈசிஆரில் மரக்காணம் தாண்டினால் குத்துவிளக்கு ஏற்றி வைத்த மாதிரிதான் வெளிச்சம். மெக்கானிக் 100 வாட் பல்ப் போடச் சொல்கிறார். ரிலே தேவையா?

பல்ப் கடைக்குப் போகும் முன் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள் தம்பி. பல்புக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேர்கிறது என்று பார்க்காமல் எதை மாற்றினாலும் அது குருட்டு வேலைதான். இன்ஜினை ஓடவிட்டு, 2000 ஆர்பிஎம் வாக்கில் ரேஸ் கொடுத்து, பிரைட் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், இன்னொரு முனையை ஹெட்லைட்டுக்குப் பின்னால் பிரைட் ஒயர் வந்து சேரும் பின்னிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்ட். அடுத்து, பல்பின் எர்த் பின்னுக்கும் (கரன்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் முனை) பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அதே மாதிரி பாருங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த நஷ்டம் தெரிந்துவிடும். பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஹோல்டரைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தால் கரன்ட் ஓடாது, மீட்டர் நஷ்டமே இல்லை என்று காட்டி ஏமாற்றிவிடும்.

இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர் விகிதத்தில் போவதில்லை. ஏறக்குறைய 3.4 அடுக்கு (பவர்) கணக்கில் போகும். அதாவது வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் காணாமல் போகும். 15 சதவீதம் குறைந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும். பழைய எம்ஜிபியில் ஒன்றரை வோல்ட் தொலைவது சர்வசாதாரணம்.

100 வாட் போட்டால் அதே ஒயரில் இன்னும் அதிக கரன்ட் ஓடும், இன்னும் அதிக வோல்ட் தொலையும், ஸ்விட்ச் சூடாகும், ஹோல்டர் உருகும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசும், போலீஸ் நிறுத்தினால் பதிலும் இருக்காது. 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55) எச்4 பல்புக்கு முழு வோல்ட் கிடைத்தாலே ஈசிஆருக்குப் போதும். அந்த வோல்ட்டைக் கொண்டுசேர்க்கத்தான் ரிலே. சீல்டு பீம் (பல்பைத் தனியாக மாற்ற முடியாத, மொத்தமாக மூடிய விளக்கு) இருந்தால் 7 இன்ச் ரவுண்டு எச்4 யூனிட் வாங்கிக்கொள்ளுங்கள். அம்பாசிடருக்கும் அதே அளவுதான் என்பதால் தேடி அலைய வேண்டியதில்லை.

அரியாங்குப்பத்திலிருந்து: ரிலே போட்டால் கரன்ட் அதிகமாகுமா? அது என்னதான் செய்கிறது?

கரன்ட்டை அது உண்டாக்காது, வழியைத்தான் குறுக்கும். உங்கள் காரில் இப்போது கரன்ட் பேட்டரியிலிருந்து கிளம்பி, டேஷ்போர்டு ஸ்விட்சுக்கு வந்து, பிரைட், டிம் மாற்றும் டிப்பர் ஸ்விட்சுக்குள் புகுந்து, மறுபடி முன்னால் போய், லூகாஸ் (பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாமான் செய்த கம்பெனி) புல்லட் கனெக்டர்களைத் தாண்டிப் பல்புக்குப் போகிறது. ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் போகும். மூட்டை விட்டுவிட்டு ஒயரை மட்டும் கணக்குப் பார்த்தாலும், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர், அதில் 10 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் ஒயரிலேயே போச்சு. ஐம்பது வருடப் பழைய ஸ்விட்ச் காண்டாக்ட் எவ்வளவு சாப்பிடும் என்பதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிலே வந்த பிறகு அந்த நீண்ட வழியில் ரிலே காயிலுக்கான (உள்ளே காந்தமாகி ஸ்விட்சை இழுக்கும் கம்பிச் சுருள்) கரன்ட் மட்டும்தான் போகும். அது 0.15 முதல் 0.2 ஆம்பியர். பல்புக்கான 10 ஆம்பியர் பேட்டரிப் பக்கத்திலிருந்து நேரே, தடிமனான குட்டை ஒயரில் போய்விடும். என்னைக் கேட்டால் வெளிச்சத்தைவிடப் பெரிய லாபம் ஸ்விட்ச் பிழைப்பதுதான். ஒரிஜினல் லூகாஸ் ஸ்விட்ச் போனால் நல்லதாக இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து: நானே வீட்டில் போட்டுக்கொள்ளலாமா? எந்த பின்னுக்கு எந்த ஒயர்?

தாராளமாகப் போடலாம். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.

இரண்டு ரிலே வேண்டும், பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே போதும். பின் எண்கள் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் சப்ளை. 87 பல்புக்குப் போவது. 85, 86 இரண்டும் காயில். பிரிட்டிஷ் கார்களில் நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். இதுவரை பல்புக்குப் போன இந்த ஒயர்களை வெட்டாதீர்கள், அவையே இனி ரிலேயின் 86க்குப் போகட்டும். 85ஐ எர்த்தில் போடுங்கள். 30க்கு பேட்டரியிலிருந்தோ ஆல்டர்னேட்டரிலிருந்தோ 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். 87லிருந்து ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியாக 1.5 போதும். எர்த்துக்கும் அதே தடிமன் போடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடையில் ஐந்து பின் ரிலே கொடுத்தால் நடு பின்னைப் பாருங்கள். 87ஏ என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது சப்ளை வருவது அதில்தான். பல்பை அதில் மாட்டினால் ஸ்விட்சை அணைத்ததும் லைட் எரியும்!

ஃபியூஸ் விஷயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. நீங்கள் புதிதாக பேட்டரியிலிருந்து ஒரு தடித்த ஒயர் இழுக்கிறீர்கள். ஃபியூஸ் இல்லாமல் அது எங்காவது பாடியில் உரசினால் காரே எரியும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒயர் தொடங்கும் இடத்தில், 25 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் வையுங்கள். எம்ஜிபியில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இருப்பதால், சப்ளையை முன்பக்கம் ஆல்டர்னேட்டரிலிருந்தோ ஸ்டார்ட்டர் சாலினாய்டிலிருந்தோ எடுப்பதே சுலபம். ஃபியூஸ் அங்கேயே இருக்கட்டும். அதற்கப்புறம் 87லிருந்து பிரியும் நான்கு ஒயர்களுக்கும் தனித்தனியாக 10 ஆம்பியர். ராத்திரியில் ஒரு ஃபியூஸ் போனாலும் இன்னொரு பக்கம் எரிந்துகொண்டிருக்கும்.

பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது ஊதிப்போகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17தான். இப்போதைய பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. 35க்கு 35 என்று மாற்றிவிடாதீர்கள்.

நெல்லித்தோப்பிலிருந்து: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2, பாசிட்டிவ் எர்த். ரிலே வேலை செய்யுமா சார்?

செய்யும். சாதாரண ரிலேயின் காயிலுக்குத் திசை கிடையாது. உள்ளே டயோடு (ஒரே திசையில் மட்டும் கரன்ட் விடுவது) வைத்த ரிலேவை மட்டும் வாங்காதீர்கள், அதில் 85, 86ஐ மாற்றிப் போட்டால் டயோடு ஷார்ட் ஆகிவிடும். ரிலே மேல் வரைந்திருக்கும் படத்தில் காயிலுக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் டயோடு இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் காரில் பாடி பாசிட்டிவ் என்பதால் சப்ளை ஒயர் நெகட்டிவ். ஃபியூஸ் அந்த ஒயரில்தான் வர வேண்டும்.

வில்லியனூரிலிருந்து: டிம் போட்டால் இடது பக்கம் சரி. வலது பக்கம் மங்கலாக, பிரைட்டும் டிம்மும் சேர்ந்து எரிகிற மாதிரி இருக்கிறது. ரிலே போட்டால் சரியாகுமா?

ஆகாது, இது எர்த் கோளாறு. வலது பல்பின் எர்த் விட்டுப்போனதால், டிம் இழைக்கு வந்த கரன்ட் அதே பல்பின் பிரைட் இழை வழியாகத் திரும்பி, பிரைட் ஒயரைப் பிடித்துக்கொண்டு இடது பல்புக்குப் போய் அங்கே எர்த் ஆகிறது. டேஷ்போர்டில் நீல விளக்கும் லேசாக மினுங்கும், பாருங்கள். பாடியில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்குங்கள், மேலே கிரீஸ் பூசுங்கள். ரிலே கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் முதலில் செய்வது இந்த வேலைதான். சில பேர் அதோடு திருப்தியாகிப் போய்விடுகிறார்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து: என் வண்டியில் ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோதான். தாங்குமா?

லூகாஸ் சி40 டைனமோ கொடுப்பது அதிகபட்சம் 22 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டுக்கும் 10, பார்க்கிங், டெயில் விளக்குக்கு 2, இக்னிஷனுக்கு 3, 4. மழையில் வைப்பரும் ஓடினால் இன்னொரு 3. ஓடும்போது சமாளிக்கும். இந்திரா காந்தி சிலை சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது டைனமோ ஒன்றும் தராது, எல்லாம் பேட்டரி தலையில். ரிலே போடுங்கள், பல்ப் வாட்டைக் கூட்டாதீர்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ரிலே போட்டபின், லைட் போட்டாலே அம்மீட்டர் சார்ஜ் பக்கம் ஏறி நிற்கிறது. ரெகுலேட்டர் போய்விட்டதா?

ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருக்கும். ரிலே சப்ளையை நேராக பேட்டரியில் எடுத்திருப்பீர்கள். டைனமோவிலிருந்து வரும் கரன்ட் அம்மீட்டரைத் தாண்டி பேட்டரிப் பக்கம் வந்து, அங்கிருந்து ஹெட்லைட்டுக்குப் போகிறது. அதை அம்மீட்டர் சார்ஜ் என்று நினைத்துக்கொள்கிறது. சப்ளையை அம்மீட்டரின் டைனமோ பக்கம், ரெகுலேட்டரின் லோடு முனையிலிருந்து எடுங்கள். அம்மீட்டர் இல்லாத காருக்கு இந்தத் தலைவலியே இல்லை.

வீராம்பட்டினத்திலிருந்து: கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துவிடுகிறது. 2024 ஃபெஞ்சல் புயலில் காருக்குள் தண்ணீர் வேறு ஏறியது. ரிலே எத்தனை நாள் தாங்கும்?

ரிலேவைக் கிரில்லுக்குப் பின்னால் வைக்காதீர்கள். அழகாக ஒளிந்துகொள்ளும், ஆனால் உப்புக்காற்றும் மழைத் தண்ணீரும் நேராக அடிப்பது அங்கேதான். இன்ஜின் அறைக்குள் உள்பக்கத் தகட்டில், உயரமாக, பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். தண்ணீர் வடிந்துவிடும். ரப்பர் சீல் வைத்த வாட்டர்ப்ரூஃப் ரிலே சாக்கெட்டோடு கிடைக்கிறது, நம் கடற்கரைக்கு அந்தக் கூடுதல் காசு நியாயமானது. ஈயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் விடாதீர்கள். லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோக முனை) நல்ல பிளையரில் நசுக்கி கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, பின்களில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் நம் வெயிலில் பசை இளகி ஒரே கோடையில் பிரிந்து தொங்கும்.

வெள்ளத்தில் நனைந்த ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) என்றால் ஒயரின் தோலைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் புதிய லக் போட்டும் பயனில்லை, அந்த ஒயரையே மாற்றுங்கள்.

குருசுக்குப்பத்திலிருந்து: பிரான்சிலிருந்து வந்த பழைய லெஃப்ட் ஹேண்ட் கார். மஞ்சள் விளக்கு. ரிலே போட்டதும் எதிரில் வருபவர்கள் எல்லாம் டிப் அடிக்கிறார்கள்.

மஞ்சள்மேல் பழி போடாதீர்கள். பிரான்சில் 1993 வரை அது சட்டம். சிக்கல் கண்ணாடியில். வலதுபுறம் ஓடும் ஊருக்கான லென்ஸ், டிம்மில் வெளிச்சத்தை வலது ஓரத்துக்குத் தூக்கிவிடும். இங்கே எதிர் வண்டி வருவதே அந்தப் பக்கம்தான். இத்தனை நாள் மங்கலாக இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை, இப்போது முழு வோல்ட். இடதுபுறம் ஓடும் நாட்டுக்கான யூனிட்டை மாற்றுங்கள். அப்புறம் சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு பல்ப் உயரத்தைவிட 3 இன்ச் தாழ இருக்கும்படி ஸ்க்ரூவைத் திருப்புங்கள். ரிலே போட்ட எல்லோருமே இதைச் செய்ய வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: ரிலேக்கு பதிலாக எல்ஈடி பல்ப் போட்டால் போதாதா?

கரன்ட் குறையும், உண்மைதான். ஆனால் இழைக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்ஈடி போட்டால் வெளிச்சம் சிதறும். பாசிட்டிவ் எர்த் காரில் பெரும்பாலும் எரியவே எரியாது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிருமாம்பாக்கத்திலிருந்து: எல்லாம் மாட்டிவிட்டேன். ரிலே டிக் என்கிறது, லைட் வரவில்லை.

டிக் சத்தம் வந்தால் 85, 86 பக்கம் நல்லபடி இருக்கிறது. டெஸ்ட் லேம்பை எடுத்து 30இல் வையுங்கள். எரியவில்லை என்றால் மெயின் ஃபியூஸைப் பாருங்கள். 30இல் எரிந்து 87இல் எரியாவிட்டால் ரிலே காண்டாக்ட் போய்விட்டது. இரண்டிலும் எரிந்தால் பல்ப் ஃபியூஸ், அதுவும் சரி என்றால் பல்ப் எர்த். லைட் வந்தபிறகு முதல் பதிலில் சொன்னபடி இன்னொரு தரம் அளந்து, இரண்டு பக்க நஷ்டமும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.