வேலை போய் நான்கு மாதம்: கையைக் கடிக்காத சட்ட உதவிக்குக் கொழும்பில் எங்கே போவது?

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஒன்பது வருடம் ஸ்டோர் பொறுப்பாக வேலை செய்தேன். நான்கு மாதத்துக்கு முன், ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று முதலாளி வாயால் சொல்லிவிட்டார். கடிதம் இல்லை, கிராஜுவிட்டி (சேவைக்காலப் பணிக்கொடை) இல்லை. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணமும் சில வருடங்களுக்குக் கட்டவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. புதுக்கடை நீதிமன்ற வாசலில் ஒருவர், 25,000 ரூபா முற்பணம் தந்தால் பெரிய லோயரைப் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கொடுக்கலாமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: கொடுக்க வேண்டாம். வாசலில் ஆள் பிடிப்பவருக்கு உங்கள் வழக்கு என்ன, அது எந்த இடத்துக்குப் போக வேண்டியது என்பதெல்லாம் தெரியாது. அவர் வாங்கும் பணத்துக்கு ரசீது கிடையாது, அதில் எவ்வளவு லோயர் கைக்குப் போகிறது என்பதும் தெரியவராது. தரகர் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிப்பது சட்டத்தரணிகளின் தொழில் ஒழுக்க விதிகளுக்கே விரோதமானது. அப்படி ஆள் சேர்க்கும் லோயர் பின்னால் உங்கள் விடயத்தில் மட்டும் ஒழுங்காக நடப்பார் என்று எதை வைத்து நம்புவது?

அதைவிட அவசரமான விடயம் நாள் கணக்கு. வேலையிலிருந்து நிறுத்தியதை எதிர்த்து, வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால், நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் இருக்கும் எல்லை இது. உங்களுக்கு மிஞ்சியிருப்பது சுமார் இரண்டு மாதம். வழக்கு நன்றாக இருந்தும் இங்கேதான் பலருக்குக் காலை வாரிவிடுகிறது. முதலாளி ‘அடுத்த மாதம் கூப்பிடுகிறேன், பார்த்துச் செய்வோம்’ என்று இழுத்துக்கொண்டே போவார், ஏழாவது மாதம் கதவு மூடியிருக்கும். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டோமே, அதனால் 6 மாதக் கணக்கு நின்றுவிடும் என்றும் நம்பியிருக்காதீர்கள். இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அடுத்து, உங்கள் பிரச்சினையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பாதிக்கு லோயரே தேவையில்லை.

ஈபிஎஃப், கிராஜுவிட்டி இரண்டும் தொழில் திணைக்களத்தின் வேலை. ஈடிஎஃப்பை (ஊழியர் நம்பிக்கை நிதி) அதற்கென்று உள்ள சபை பார்க்கிறது. கடை இருக்கும் பகுதிக்குரிய தொழில் அலுவலகம் எது என்று தெரியாவிட்டால், நாரஹேன்பிட்டியில் ‘மெஹெவர பியச’ கட்டடத்தில் இருக்கும் தலைமையகத்துக்கே போய்க் கேட்கலாம். ஈபிஎஃப்புக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி தன் பணத்திலிருந்து 12 வீதம் கட்ட வேண்டும். ஈடிஎஃப்புக்கு முதலாளி மட்டும் 3 வீதம். கட்டாமல் விட்ட ஈபிஎஃப் பணத்தைத் தாமதத்துக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரையான மேலதிகத் தொகையோடு திணைக்களமே அறவிடும். சம்பளச் சிட்டையில் 8 வீதம் வெட்டியிருந்தும் நிதியத்துக்குப் போகவில்லை என்றால் அந்தச் சிட்டைதான் உங்கள் முதல் சாட்சி. சிட்டையே தராத கடையென்றால் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த பக்கங்கள், கையெழுத்துப் போட்ட வரவுப் புத்தகத்தின் போட்டோ, கடை முத்திரையோடு நீங்கள் பொருள் பொறுப்பெடுத்த பில் என்று கிடைப்பதைச் சேருங்கள்.

கிராஜுவிட்டிக் கணக்கு எளிது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதி. சம்பளம் 60,000 ரூபா என்று வைத்தால் 30,000 பெருக்கல் 9, ஆக 270,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். கடையில் 15 பேருக்குக் குறைவு என்றால் சோர்ந்துவிட வேண்டாம், கிராஜுவிட்டியைத் தொழில் நியாய சபையிலேயே கேட்கலாம். ஆட்கணக்கில்தான் முதலாளிமார் விளையாடுவார்கள். நாட்டாமை (மூட்டை தூக்கும்) வேலை செய்பவர்களையும் வான் டிரைவரையும் ‘அவர்கள் நம்முடைய ஆட்கள் இல்லை’ என்பார்கள். உங்களோடு வேலை செய்தவர்களின் பெயர்களை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மறுபாதிதான் கொஞ்சம் சிக்கல்: வாயால் நிறுத்தியது. நியாய சபையில் முதலாளி ‘நான் நிறுத்தவில்லை, அவராகவே வராமல் விட்டார்’ என்று சொல்லப் போகிறார். நிறுத்தியதை அவர் ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று முதலில் காட்ட வேண்டியவர் அவர். மறுத்துவிட்டால், நிறுத்தினார் என்று காட்டும் பாரம் உங்கள் தலையில் விழும். ஆகவே, லோயரைப் பார்க்குமுன்பே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நாலு வரி போதும்:

‘கடந்த (திகதி) அன்று, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று தாங்கள் எனக்கு வாய்மொழியாகக் கூறினீர்கள். நான் வேலையைக் கைவிடவில்லை. வேலை செய்ய இன்றும் தயாராக இருக்கிறேன். என்னை நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

கோபம், திட்டு, பழைய கணக்கு எதுவும் அதில் வேண்டாம். கடிதத்தின் பிரதியையும் தபால் ரசீதையும் ஒன்றாக ஊசி குத்தி வையுங்கள். நிறுத்தப்பட்ட நாளுக்குப் பிறகு முதலாளியோடு நடந்த வட்ஸ்அப் பேச்சை அழிக்க வேண்டாம். போனை மாற்றும்போது அது போய்விடும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சடித்து வையுங்கள். இடையில் முதலாளி கூப்பிட்டு ஒரு தொகையை நீட்டினால், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

தொழில் நியாய சபையில் நீங்களே நின்று பேசலாம். தொழிற்சங்கத்தில் இருந்தால் சங்கப் பிரதிநிதி பேசலாம், சட்டத்தரணியும் பேசலாம். ஆனாலும் முதலாளி பக்கம் லோயர் வருவார், குறுக்கு விசாரணையும் இருக்கும் என்பதால், சாட்சி தொடங்கும் கட்டத்திலாவது உங்கள் பக்கமும் ஒருவர் இருப்பது நல்லது என்பது எங்கள் கணிப்பு. அவர் தொழில் வழக்குகளில் பழகியவராக இருந்தால் போதும். ஜனாதிபதி சட்டத்தரணிக்குச் செலவழிக்க இதில் வேலை இல்லை.

இனி லோயரைத் தேடும் விடயம். முதலில் ஏறிப்பார்க்க வேண்டிய படி சட்ட உதவி ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அரச நிறுவனம் இது. தலைமையகம் புதுக்கடையில் மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் இருக்கிறது. வழக்குப் பேச லோயரைத் தருவதற்கு மாத வருமானத்தைப் பார்ப்பார்கள், அந்த எல்லை காலத்துக்குக் காலம் மாறும். அடையாள அட்டை, பழைய சம்பளச் சிட்டை, இப்போது வருமானம் இல்லை என்பதற்குக் கிராம சேவகரின் சான்றிதழ், முதலாளிக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி ஆகியவற்றோடு காலையிலேயே போங்கள். பலர் வெறுங்கையோடு போய், கிராம சேவகர் கடிதத்துக்காகத் திரும்பி வருவார்கள். கிராம சேவகர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை, அதற்குள் ஒரு வாரம் போய்விடும். வருமானம் எல்லையைத் தாண்டினாலும் ஆலோசனையையாவது கேட்டுக்கொண்டு வாருங்கள். 6 மாதக் கணக்கை அங்கேயே ஒருமுறை சரிபார்த்துவிடலாம்.

தனியாக ஒரு லோயரை அமர்த்துவதானால், உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகப் பதிவு செய்தவரா என்பதை இலங்கை சட்டத்தரணிகள் சங்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம். அதன் அலுவலகமும் புதுக்கடைப் பக்கம்தான், மிஹிந்து மாவத்தையில். கட்டணத்துக்கு நிலையான விலைப்பட்டியல் கிடையாது, பேசித்தான் தீர்க்க வேண்டும். பேசும்போது ‘மொத்தமாக எவ்வளவு’ என்று மட்டும் கேட்டுவிட்டு வருவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. விண்ணப்பம் தயாரிக்க எவ்வளவு, வழக்குக் கூப்பிடும் ஒரு தவணைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அதோடு விடாமல், வழக்கு எடுக்கப்படாமல் தள்ளிப்போகும் தவணைக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். மடியைக் காலி செய்வது இந்தத் தள்ளிப்போகும் தவணைகள்தான். அதற்குப் பாதிக் கட்டணம் என்று முன்கூட்டியே பேசி முடிப்பதில் தவறே இல்லை. தவணையன்று வருவது அவரா, அவரது ஜூனியரா? பேச வேறொரு சீனியரைப் பிடித்தால் அவருக்குத் தனிக் கட்டணமா? டைப், போட்டோக்கொப்பி, மொழிபெயர்ப்புச் செலவு யாருடையது? விடைகளை ஒரு தாளில் எழுதித் திகதி போட்டு வாங்குங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் வழக்கைக் கொடுக்காமலிருப்பது நல்லது.

மொழியைப் பற்றி. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, கொழும்பிலும் தமிழில் மனுக் கொடுக்கவும் தமிழில் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பை அரசு தர வேண்டும், தொழில் பிணக்கு விசாரிக்கும் சபைகளும் இதில் அடங்கும். நடைமுறையில் கொழும்பில் பெரும்பாலான ஆவணங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் தயாராகும். உங்கள் லோயர் அப்படிச் செய்தால், கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு பந்தியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சத்தியக்கடதாசியானால், அது தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற வரி முடிவில் இருக்க வேண்டும். திகதிகளையும் சம்பளத் தொகையையும் நீங்களே விரல் வைத்துப் பாருங்கள், இலக்கம் எல்லா மொழியிலும் ஒன்றுதானே. பெயர் எழுத்துக்கூட்டும் முக்கியம். அடையாள அட்டையில் ஒருவிதம், ஈபிஎஃப்பில் இன்னொருவிதம் என்றிருந்தால் அதையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். விசாரணையில் முதலியார் (சபையின் மொழிபெயர்ப்பாளர்) மொழிபெயர்ப்பது உங்களுக்குப் பிழையாகப் பட்டால் உடனே சொல்லுங்கள். பதிவாகி முடிந்த சாட்சியத்தைப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

உங்கள் அயலவருக்குப் பயன்படலாம் என்பதால் வேறு சில வாசல்களையும் சொல்லிவிடுகிறோம். சிறு கடன், அயல் வேலிச் சண்டை போன்றவை முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகும். அங்கே லோயர் வர முடியாது. முஸ்லிம்களின் விவாகரத்து போன்றவற்றை விசாரிக்கும் காதி நீதிமன்றத்திலும் அப்படியே. பொலிஸாரோ அரச அதிகாரியோ அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக 1 மாதம்தான் கால எல்லை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அதில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. வீட்டு வன்முறைக்குப் பெண்கள் 1938ஐ அழைக்கலாம். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வந்து லோயர் இல்லாதவருக்கு, நீதிபதியே அரச செலவில் ஒருவரை நியமிப்பார்.

அமர்த்திய லோயர் தவணைக்கு வராமல் விட்டால்? மாவட்ட நீதிமன்ற வழக்குகளில் நீங்கள் கையெழுத்திடும் புறொக்சி (உங்களுக்காக நடக்க லோயருக்குக் கொடுக்கும் எழுத்து அதிகாரம்), நீதிமன்ற அனுமதியோடு மட்டும்தான் மீளப்பெறப்படும். அதுவரை புதியவர் உங்களுக்காக ஒரு தாளும் கொடுக்க முடியாது. அதனால்தான் வெற்றுத் தாளிலோ நிரப்பாத புறொக்சியிலோ கையெழுத்துப் போட வேண்டாம் என்கிறோம். மூல ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு பிரதி மட்டும் கொடுங்கள். மூலம் கட்டாயம் தேவையென்றால் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வழக்கிலக்கமும் அடுத்த தவணையும் உங்கள் கையிலும் இருக்கட்டும். பணம் வாங்கி ஏமாற்றுவது போன்ற பாரதூரமான நடத்தைக்குச் சத்தியக்கடதாசியோடு உயர் நீதிமன்றத்துக்கு முறைப்பாடு செய்யலாம், சட்டத்தரணியின் பெயரைப் பதிவிலிருந்து நீக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. ரசீதில்லாமல் கொடுத்த பணத்துக்கு அங்கேயும் நிரூபணம் கேட்பார்கள்.