அவனைப் பேச வைக்கணுமா?

வணக்கம் சார், அரசுப் பள்ளியில ஆறாம் கிளாஸ் எடுக்கறேன். ஒரு பையனோட அப்பா பைக் விபத்துல அவன் கண்ணு முன்னாடியே இறந்துட்டார். இப்ப ஸ்கூலுக்கு வர்றான், ஆனா கதவு டப்புனு சாத்தினாலே நடுங்குறான், ஹோம்வொர்க் எழுதறதில்ல, பக்கத்துப் பசங்கள அடிக்கறான். ஹெச்.எம் கண்டிச்சு வைங்கன்றார். தனியா உக்கார வச்சு நடந்ததைச் சொல்ல வச்சா பாரம் குறையுமா?

அன்புள்ள டீச்சர்,

சொல்ல வைக்காதீங்க. அழுது தீத்துட்டா சரியாயிடும்னு நம்மூர்ல ஒரு நம்பிக்கை, சாவு வீட்டுல அழாம உக்காந்திருக்கவங்கள உலுக்கியாவது அழ வைப்போம், ஆனா நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2011 மனநல முதலுதவிக் கையேடே சொல்லுது. அவனா வந்து பேசினா வேலையை விட்டுட்டு கேளுங்க, "ரொம்ப பயந்திருப்பல்லடா"ன்னு ஒரு வார்த்தை போதும், கேள்வி வேணாம்.

அவன் அடிக்கறது திமிர் இல்ல டீச்சர். சத்தம் கேட்டதும் அவன் யோசிக்கறதுக்கு முன்னாடியே உடம்பு ஓடவோ அடிக்கவோ தயாராயிடுது, அந்த நேரத்துல பின்னமும் தசமமும் எங்க தலைல ஏறும்? அவனுக்கு வேண்டியது அடுத்து என்ன நடக்கும்னு தெரியற ஒரு கிளாஸ். தினமும் அதே இடம், வாசல் தெரியற மாதிரி. மூச்சு முட்டுற மாதிரி இருந்தா கேக்காமலே வெளிய போய் தண்ணி குடிச்சிட்டு வரலாம்னு உங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு சைகை. ஹோம்வொர்க்க மொத்தமா தள்ளுபடி பண்ணாதீங்க, பத்து கணக்குக்கு பதிலா மூணு குடுங்க, இல்லன்னா நம்மள ஒதுக்கிட்டாங்கன்னு நினைப்பான். ரேங்க் கார்டுல அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வான்னு பொதுவா சொல்வோமே, அத இனிமே "வீட்டுல"ன்னு மாத்திக்கோங்க.

2004 சுனாமிக்கப்புறம் நாகப்பட்டினம் பக்கம் மறு மாசமே பள்ளிக்கூடங்களத் திறந்தாங்க, பாடம் நடத்தறதுக்காக மட்டும் இல்ல, பெல்லு, பிரேயர், விளையாட்டுன்னு அந்தப் பிள்ளைங்களுக்கு வழக்கமான ஒரு நாள் திரும்பக் கிடைக்கணும்னுதான்.

ஹெச்.எம் கிட்ட தயங்காம பேசுங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17வது பிரிவு அடிக்கறது, மனசை நோகடிக்கறது ரெண்டையுமே தடை பண்ணுது. அடிவிழுமோன்னு பயந்துகிட்டே உக்காந்திருக்கற பையன் தேறவே மாட்டான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அவங்க அம்மாவையும் ஒருதடவ பாருங்க, ராத்திரி தூங்குறானா, கெட்ட கனவு வருதான்னு அவங்களுக்குத்தான் தெரியும், அவங்களும் புருஷனை இழந்தவங்க, பதமா கேளுங்க. ஒரு மாசம் தாண்டியும் இப்படியே இருந்தா மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடியே டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண் இருக்கு, 14416, அதுக்கு நீங்களே போன் பண்ணி கேக்கலாம், இலவசம், தமிழ்லயே பேசலாம்.